ஒரு தடவைதான் தூக்கலாம்

அவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கதவைத் திறந்த அவர் மனைவியே, "வாங்க நர்சம்மா, இடி மாடியில இருக்காரு" என்றார். நான் நர்ஸ் இல்லை, வீட்டில் படுத்துவிட்டவர்களைக் கவனித்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் என்றேன். "சரிங்க நர்சம்மா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மாடி அறையில், ஜன்னலோர நாற்காலியில் தலையணைகளை முட்டுக் கொடுத்து அவரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. நான் காதை அருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"பேருக்கேத்த குரலைக் காணோமேன்னு பாக்குறீங்களா? பேரு எனக்கில்ல, கீழ நிக்குதே, அதுக்கு" என்றார்.

ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு தகர ஷெட். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தார்ப்பாய் போர்த்திய ஒரு கார், முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, பதுங்கிய மிருகம் போலக் கிடந்தது.

அவருக்கு நரம்பில் வரும் நோய். முதலில் இடது கை, பிறகு கால்கள், பிறகு வலது கை என்று உடம்பு ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்திக்கொண்டு வரும். கடைசியில் நாக்கும் மூச்சும். மருந்து கிடையாது. புத்தியும் காதும் மட்டும் அப்படியே இருக்கும். நான் போன சமயத்தில் காலையில் கொஞ்சம் பேசுவார். மத்தியானத்துக்குள் குரல் தேய்ந்துவிடும். அதன்பின் எழுத்துப் பலகைதான். நான் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைப்பேன், சரியான எழுத்து வந்தால் கண்ணை மூடித் திறப்பார்.

வீடு சின்னது. கீழே முன்னறையில் அவர் மனைவியின் தையல் மெஷின்கள் இரண்டு. கார் சீட்டுக்கு உறை தைப்பவர் அவர்; சோறு வருவது அதிலிருந்துதான். மாடிப்படி ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி ஏறும் அகலம். இடியைக் கீழே இறக்குவதென்றால் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்க வேண்டும். அது அதிக நாள் நடக்காது. மூச்சுக் கருவியும் மடக்கும் கட்டிலும் வரப்போகின்றன. அவற்றுக்கும் கீழே இடம் வேண்டும். கீழே இருந்த ஒரே இடம் அந்த ஷெட். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே மனைவியிடம் இதைச் சொன்னேன். அவர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, "அப்ப அவரோட முதல் பொண்டாட்டியை வெளிய அனுப்பணும்" என்றார். சிரிக்கவில்லை.

அந்தக் காரின் கதையைத் துண்டு துண்டாக, காலை நேரங்களில், குளிப்பாட்டும்போதும் முகம் மழிக்கும்போதும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சின்ன வயதில் அவர் கார் எலக்ட்ரிக் கடையில் ரேடியோ மாட்டுகிற வேலையில் இருந்தார். ஒரு பல் டாக்டர் இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இதற்கு ரேடியோ வை என்றார். இவர் இன்ஜினை முடுக்கிப் பார்த்தார். "நெஞ்சுக்குள்ள யாரோ கை விட்டு உலுக்குன மாதிரி இருந்துச்சு நர்சம்மா. இதுல எதுக்குய்யா ரேடியோன்னு கேட்டுட்டேன். முதலாளி அடிக்க வந்துட்டாரு."

பல வருடம் கழித்து அந்தப் பல் டாக்டர் இறந்துபோனார். கார் ஒரு மரத்தடியில் கிடந்து இன்ஜின் இறுகிவிட்டது. வீட்டார், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். இன்ஜினை மீட்க அவரும் எத்தனையோ பேரிடம் அலைந்தார், முடியவில்லை. அந்த உலுக்கல் வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. இன்ஜின் தராததை ஸ்பீக்கரிடம் வாங்கலாம் என்று இறங்கிவிட்டார்.

அப்போது காரில் யார் அதிகம் சத்தம் வைத்திருக்கிறார்கள் என்று போட்டி நடக்குமாம். நான் கேள்விப்பட்டதே இல்லை. மைதானத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவார்கள்; இவர் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவார்களாம். முன் கண்ணாடியில் மைக்கை ஒட்டி, கதவுகளைச் சாத்தி, சில விநாடிகள் சத்தத்தை விடுவார்கள். எவ்வளவு டெசிபல் என்று பலகையில் எண் வரும். என்ன பாட்டு போடுவீர்கள் என்று கேட்டேன்.

"பாட்டா? பாட்டெல்லாம் கிடையாது. ஒரே ஒரு ம்ம்ம்."

"அதைக் கேக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?"

"கேக்குறதுக்கு இல்ல. உள்ள உக்காரணும். கதவு சாத்தணும். அப்ப தெரியும்."

கதவு நடுங்கினாலோ கூரை உப்பினாலோ சத்தம் வீணாகும் என்பதால் போட்டி நேரத்தில் ஆட்கள் காரை அமுக்கிப் பிடிப்பார்களாம். இவர் மனைவிதான் கூரைமேல் உட்காருவது. "அண்ணி உக்காந்தா அரை டெசிபல் ஏறும்" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்களாம். "நான் உடம்பு போட்டதே இவருக்குப் பாயின்ட் வாங்கிக் குடுக்கத்தான்" என்று அவரே என்னிடம் சொன்னார். வாங்கிய கேடயங்களில் ஒன்று கழிவறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. கோப்பை ஒன்றில் துணிக் கிளிப்புகள்.

சத்தத்தின் வெறியில் அவர் காருக்குச் செய்தவற்றைக் கேட்டால் எனக்கே பாவமாக இருந்தது. கதவு அதிரக் கூடாது என்று கதவுகளுக்குள் கான்கிரீட் ஊற்றினார். பக்கத்துக் கதவை நிரந்தரமாக வெல்டு வைத்து மூடினார். பக்கத்து சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கிருந்து ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வரை ஒரே பெட்டியாக அடித்தார். அதில் அண்டா வாய் அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று பக்கத்தில், ஒன்று ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால். போட்டிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து இணைப்பைக் காப்பி அடித்துவிடுவார்கள் என்று எல்லா வயரையும் கறுப்பாகவே போட்டார். எது எங்கே போகிறது என்பது அவர் மண்டைக்குள் மட்டும்.

பழைய கார்களைப் பழையபடியே ஆக்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்தார். தார்ப்பாயை விலக்கியதும் முகம் மலர்ந்தது. கதவைத் தட்டியதும் வாடியது.

"உள்ள என்னங்க இது, கல்லு மாதிரி?"

"கான்கிரீட்" என்றார் மனைவி.

"கார்க்கதவுலயா?"

"வீட்டுக்கே அவ்வளவு நல்லா போடலீங்க."

வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஸ்பீக்கர், பெட்டி, வயர் எல்லாவற்றையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், குப்பைக்குத்தான் போகும் என்றார். வியாழக்கிழமை காரை ஏற்றிப்போக ரெக்கவரி வண்டி அனுப்புவதாகப் பேச்சு.

மறுநாள் காலை, நான் அவருக்குப் பல் தேய்த்துவிட்டு முடித்ததும் இடி சொன்னார்: "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. உள்ள உக்காந்து, கதவு சாத்தி. கை போனது போகட்டும், கால் போனது போகட்டும். அது நெஞ்சுல வந்து இடிக்கும் பாருங்க, அது மட்டும்."

மூச்சு இழுக்கவே நெஞ்சுக்குப் பலம் போய்க்கொண்டிருந்த மனிதர். இன்னும் ஒரு மாதம் போனால் அந்தப் பள்ளமான சீட்டில் அவரால் மடங்கி உட்காரவே முடியாது. அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டேன். சில விநாடிகள் என்றால் சத்தத்தால் கெடுதல் இல்லை, ஏற்றி இறக்குவதில்தான் ஆபத்து, அது உங்கள் பொறுப்பு என்றார். சரி என்றேன்.

கார் பல வருடம் சும்மா கிடந்திருக்கிறது. சத்தம் வரவைக்க ஆள் வேண்டும். பழைய கூட்டாளி ஒருவரை வரவழைத்தார்கள். காருக்குப் பெயின்ட் அடிப்பவர். இப்போது வேலையை விட்டுவிட்டார். போட்டிக் காலத்தில், எந்தத் தகடு அதிர்கிறது என்று கண்டுபிடிக்கக் காருக்குள்ளேயே உட்கார்ந்தவர் அவர்தான். அதன் பலன், அவருக்கு இப்போது காது பாதிக்குமேல் கேட்காது.

ஆக, ஒருவருக்குக் குரல் இல்லை, ஒருவருக்குக் காது இல்லை. நடுவில் நான். ஷெட்டில் சக்கர நாற்காலியில் இடி. காருக்குள் தலையும் வெளியே கால்களுமாக, பெட்டியின் விரிசல்களைப் பசை வைத்து அடைக்கும் பெயின்டர்.

"பசையை மெல்லிசா தடவச் சொல்லுங்க" என்பார் இடி.

"பசையை மெல்லிசா தடவணுமாம்!" என்று நான் கத்துவேன்.

"ஆமாமா, ரொம்ப மெலிஞ்சுட்டாரு, பாக்கவே கஷ்டமா இருக்கு."

"பசை! பசை!"

"பசிக்குதா? இப்பதானே சாப்பிட்டாரு?"

முன்னறையில் தையல் மெஷின் நின்றது. மனைவி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடியும் சிரித்தார், சிரிப்பில் எச்சில் புரையேற, நான் தலையைச் சாய்த்துப் பிடித்துத் துடைத்துவிட்டேன்.

சீட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரின் விளிம்பு வளையத்தை எலி கடித்திருந்தது. பெயின்டர் சீட்டைக் கழற்றி வெளியே எடுத்து, ஸ்பீக்கரைத் தூக்கி வெளியே வைத்து, தன்னிடமிருந்த பழைய வளையம் ஒன்றை ஒட்டினார். ஒரு நாள் காயவைத்தார். புதன்கிழமை மத்தியானம் திரும்ப மாட்டும்போது இடிக்குக் குரல் போய்விட்டது. நான் மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பெயின்டர் பேசுவது மட்டும் கேட்டது.

"நீ ஏண்ணே கண்ணை உருட்டுற? ரெண்டு கறுப்பு வயர், ரெண்டு முனை. எனக்குத் தெரியாததா? உன்கூட எத்தனை வருசம் நின்னவன் நான்!"

நான் கீழே வந்தபோது ஸ்பீக்கர் உள்ளே போய், அதற்கு முன்னால் சீட்டும் ஏறி, போல்ட்டுகள் முடுக்கப்பட்டிருந்தன. எழுத்துப் பலகையை எடுத்து, என்ன என்று கேட்டேன். இடி மிகவும் களைத்திருந்தார். ஓர் எழுத்து வந்தது, கண் சொருகிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைத்தோம். காலையில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பெயின்டர் சரியாகத்தான் மாட்டியிருப்பான் என்று நம்பவே விரும்பினார் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை திட்டம் இது. சக்கர நாற்காலி உயரம், கார் சீட்டு பள்ளம். உயரத்திலிருந்து பள்ளத்துக்குப் பலகை வைத்துச் சறுக்கிவிடலாம். அதை நானும் மனைவியும் செய்வோம். பள்ளத்திலிருந்து மேலே தூக்க எங்களால் ஆகாது. பக்கத்து வீட்டுப் பையன்கள் காலையில் அவரைக் கீழே இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பெயின்டரோ குடலிறக்க ஆபரேஷன் ஆனவர். அதனால் ரெக்கவரி வண்டியில் வரும் ஆட்களிடம் முன்னாலேயே போனில் பேசிவைத்தேன்: கொஞ்சம் முன்னால் வாருங்கள், ஓர் ஆளைத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும், காரை அப்புறம் எடுக்கலாம் என்று.

இடுப்புப் பட்டை கட்டி, கழுத்துக்கு வளையம் போட்டு, பலகையில் சறுக்கினோம். உள்ளே போய்விட்டார். முழங்கால் நெஞ்சை நெருங்கி வயிறு மடங்கியது. மூச்சு மேலோட்டமாக ஓடியது. அதிக நேரம் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்டீயரிங்கில் அவர் கைகளை நானே எடுத்து வைத்தேன்.

மனைவி கதவைச் சாத்தித் தன் முதுகை அதில் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, பழக்கம். பெயின்டர் ஒரு கையைக் கூரையில் வைத்து, மற்றக் கையால், வெளியே பேட்டரியோடு இணைத்திருந்த சுவிட்சைத் தட்டினார்.

ஏதோ ஒரு சத்தம் வந்தது. தெருமுனையில் லாரி நின்று உறுமுகிற மாதிரி. ஷெட்டின் தகரம் லேசாகக் கிணுகிணுத்தது.

"வருது! வருது!" என்று பெயின்டர் குதித்தார். "கூரை அதிருது பாருங்க!"

மனைவி கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தாங்கியபடி நின்றார்.

நான் கண்ணாடி வழியே இடியின் முகத்தைப் பார்த்தேன். கதவைத் திறக்கச் சொன்னேன்.

"வரல" என்றார்.

இன்னும் சத்தத்தைக் கூட்டினார்கள். மறுபடி கதவு, மறுபடி முதுகு. மறுபடி அதே லாரி.

"வரல." மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "பின்னாடி இருக்கிறது திருப்பி மாட்டியிருக்கு. ஒண்ணு தள்ளுது. ஒண்ணு இழுக்குது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடுது."

நான் பெயின்டரின் காதுக்குள் கத்திச் சொன்னேன். இந்தத் தடவை சரியாகக் கேட்டது. முகம் செத்துப்போயிற்று.

"ரெண்டும் கறுப்பு. ஒரே மாதிரி இருந்துச்சு. மாத்திடறேன் அண்ணே, ரெண்டு வயரை மாத்தி வைக்கிற வேலைதான், அரை மணி நேரம்..." என்றவர் நிறுத்தினார். அந்த ஸ்பீக்கரைத் தொட வேண்டுமானால் சீட்டைக் கழற்ற வேண்டும். சீட்டில் இடி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் ரெக்கவரி வண்டி வந்து நின்றது. இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள். விஷயத்தைப் பெயின்டர் கையைக் கையை ஆட்டிச் சொன்னதும், பெரியவன் சொன்னான்: "அதுக்கென்னம்மா, இப்ப வெளிய எடுக்கிறோம், சரி பண்ணட்டும். மறுபடி உள்ள வைக்கிறோம், மறுபடி எடுக்கிறோம். நாங்க காத்திருக்கோம், அவசரமில்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இடியின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. கழுத்து வளையத்தையும் மீறித் தலை ஒருபுறம் சரிந்தது. தோள் மூட்டை நான் ஒரு மாதமாகப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன்; ஒரு தடவை இழுத்துத் தூக்கினால் தாங்கலாம், இரண்டாம் தடவை கழன்று வரும்.

"வேண்டாம்" என்றேன். "ஒரு தடவைதான் தூக்கலாம்."

"நர்சம்மா, அரை மணி நேரம்!" என்றார் பெயின்டர்.

"அரை மணி நேரம் பெஞ்சில படுத்துட்டு, திரும்பவும் இப்படி மடங்கி உக்கார உடம்புல மூச்சு இல்ல."

"அப்ப நாற்காலியில வெளிய உக்காந்தே கேக்கட்டுமே! சரி பண்ணிட்டு, கதவைத் திறந்து வச்சு..."

இடி தலையை அசைக்க முடியாமல் கண்ணை அசைத்தார். "வெளிய ஒண்ணுமில்லடா" என்றார். "அது உள்ளதான் இருக்கு."

மனைவியிடம் கேட்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. அவர் கணவரைப் பார்த்தார், அந்த உதட்டைப் பார்த்தார். "நீங்க சொல்றதுதான்" என்றார்.

இடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சுகிறவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லி எனக்கு நல்ல பழக்கம்.

"தூக்குங்க" என்றேன்.

தூக்கினார்கள். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் வெளியே வரும்போது தலை முன்னால் விழுந்தது. எச்சில் மூச்சுக்குழலில் போய் அடைத்தது. நாற்காலியில் வைத்து, முதுகைத் தட்டி, கருவியால் உறிஞ்சி எடுத்து, நிறம் திரும்ப வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் இதில் இருந்தபோது பின்னால் சங்கிலி இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கும் நிலைக்கு வந்தபோது ஷெட் காலி. தரையில் நான்கு டயர்களின் தடம் மட்டும்.

பெயின்டர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். மனைவி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"வருதுன்னு சொன்னியேப்பா?"

"கூரை அதிர்ந்துச்சே அண்ணி."

"என் முதுகும்தான் அதிர்ந்துச்சு" என்றார் அவர். பிறகு, "எந்திரி, உள்ள வந்து சாப்பிடு" என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போலப் போனேன். முகம் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டேன். குரல் இருந்தது.

"நர்சம்மா. இன்னொரு தடவை தூக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தோள் கழண்டிருக்கும்."

"கழண்டிருந்தா?"

"வலிச்சிருக்கும். புரையேறியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்."

"போயிருந்தா?"

மறுபடி அதே நிலைமை வந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது அவருக்கும் தெரியும்.

"வாயைத் திறங்க" என்றேன்.

திறந்தார். ஈரப் பஞ்சால் நாக்கைத் துடைத்துவிட்டேன்.